பல பூச்சு ஏறிய வாசல் பெஞ்சும் ஊஞ்சலும்: மறுபடி பெயிண்ட் அடிக்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் வாசல் பெஞ்ச், கயிற்றுக் கட்டில், ஊஞ்சல் பலகை, சாய்வு நாற்காலி எல்லாம் வருஷம் முழுக்க வெயிலிலும் சாரலிலும்தான் கிடக்கும். தை நோம்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, கதவுக்கு அடித்து மிச்சமான எனாமல் பெயிண்டை இவற்றின் மேலும் ஓர் இழுப்பு இழுத்துவிடுவது வழக்கம். இருபது வருஷத்தில் ஏழெட்டுப் பூச்சு ஏறிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் ஆறே மாதத்தில் வாழைச்சருகு மாதிரி உரிய ஆரம்பிக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்ட மரச்சாமான்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

பழைய பெயிண்டு மேலயே ஒரு கோட்டு இழுத்துட்டா ஆகாதுங்களா?

சிலவற்றுக்கு ஆகும், பலவற்றுக்கு ஆகாது. புதுப் பெயிண்ட் தனக்கு அடியில் இருக்கும் பூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அந்தப் பூச்சு அதற்கு அடியில் இருப்பதைப் பிடித்திருக்கிறது. இந்த அடுக்கில் எது நோஞ்சானோ அது பிடியை விடும்போது மேலே உள்ளது மொத்தமும் சேர்ந்து வந்துவிடும். கடையிலேயே உசத்தியான டப்பாவை வாங்கி அடித்தாலும் அதன் ஆயுளை அடியில் கிடக்கும் பழைய பூச்சுதான் முடிவு செய்கிறது.

அதனால் முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு பிளேடால் பெயிண்டில் மரம் வரைக்கும் இறங்கும்படி நெடுக்காக ஆறு கோடு, குறுக்காக ஆறு கோடு, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் கீறுங்கள். சின்னச் சின்னக் கட்டமாக வரும். நன்றாக ஒட்டும் செலோ டேப்பை அதன் மேல் அழுத்தித் தேய்த்து, ஒரே இழுப்பில் பிடுங்குங்கள். ஒன்றிரண்டு கட்டம் ஓரம் பெயர்ந்தால் பரவாயில்லை, தேய்த்துவிட்டு மேலேயே அடிக்கலாம். கால்வாசிக் கட்டங்கள் டேப்போடு வந்துவிட்டால் சுரண்டாமல் வேலையில்லை. உட்காரும் இடம், கைப்பிடி, கால் அடி என்று மூன்று இடத்திலாவது இதைச் செய்ய வேண்டும். வெயில் படாத முதுகுப்பக்கம் எப்போதும் நன்றாகவே இருக்கும், அதை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

எத்தனை கோட்டு ஏறியிருக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

80 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாளை, தண்ணீரில் நனைத்து விரல் நுனியில் சுற்றி, கைப்பிடியில் ஒரே இடத்தில் வட்டமாகத் தேயுங்கள். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குழி விழும்போது அதன் ஓரத்தில் வளையம் வளையமாகப் பழைய நிறங்கள் தெரியும். மேலே பிரவுன், அடுத்துப் பச்சை, அதற்குள்ளே கிளிப்பச்சை, பிறகு நீலம், நடுவே இளஞ்சிவப்பாகப் பிரைமர், அதாவது மரத்தின் மேல் முதலில் அடிக்கும் அடிப்பூச்சு, அதற்கும் உள்ளே மரம். வெட்டிய மரத்தில் ஆண்டு வளையம் எண்ணுவது போல எண்ணிவிடலாம்.

எனாமல் ஒரு கோட் காய்ந்தால் ஏறக்குறைய 25 முதல் 30 மைக்ரான் தடிமன் நிற்கும். பத்துக் கோட் சேர்ந்தால் கால் மில்லிமீட்டர். கேட்க ரொம்பக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் மரம் ஐப்பசி மழையில் அகலவாக்கில் உப்பி, பங்குனி வெயிலில் சுருங்கும். புது எனாமல் அதோடு கொஞ்சம் நீண்டு சுருங்கிக் கொடுக்கும். பழைய எனாமல் வருஷா வருஷம் காற்றில் இறுகிக்கொண்டே போய்க் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், தடிமன் கூடக்கூட அது வளைய மறுக்கும். வறண்ட குளத்துச் சேறு போல மேலே வெடிப்பு விழுந்திருந்தால் இதுதான் காரணம். அந்த வெடிப்பின் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் புட்டி) வைத்து மறைத்து அடித்தாலும் அடுத்த கோடையில் அதே கோட்டில்தான் திரும்ப வெடிக்கும்.

ஐந்து பூச்சுக்கு மேல் போய், வெடிப்பும் இருந்தால் மரம் வரைக்கும் எடுத்துவிடுங்கள். பூச்சு நிறைய இருந்தும் டேப் சோதனையில் தேறி, வெடிப்பில்லாமல் இருந்தால் முழுதாக எடுக்க வேண்டியதில்லை. 120 நம்பரில் பளபளப்புப் போகத் தேய்த்தால் போதும்.

பழைய பெயிண்டுல ஈயம் இருக்கும்னு சொல்றாங்களே, நெசமுங்களா?

நிஜம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் விற்ற எனாமலில் ஈயம் இருந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை. இந்த நிறங்களுக்கு ஈயக் குரோமேட் நிறமிகளைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. நம் பக்கத்து வாசல் பெஞ்சும் கட்டிலும் பாதிக்கு மேல் பச்சையும் மஞ்சளும்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஈயம் கெட்டியாகப் பூச்சுக்குள் இருக்கும் வரை பெரிய தொந்தரவில்லை. தூளாகி மூக்கிலும் வாயிலும் போகும்போதுதான் ஆபத்து. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிகம். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும், அந்தப் பாதிப்பு திரும்பாது. அதனால் 2017க்கு முந்தைய பூச்சு இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த தாளில் தேய்க்க வேண்டாம், மிஷின் சாண்டர் வைக்க வேண்டாம், ஊதுவிளக்கால் எரிக்கவே வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டுங்கள், வாட்டர் பேப்பரால் தேயுங்கள். முகத்துக்குத் துண்டு கட்டினால் போதாது, என்95 மாஸ்க் வேண்டும். வேலைத்துணியைத் தனியாக அலசுங்கள். கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள், வெற்றிலை போடாதீர்கள்.

தோட்டத்துலதான் எடம் தாராளமா இருக்குது. மாட்டுச்சாளைக்கிட்ட வெச்சு சொரண்டிக்கலாமுங்களா?

கூடவே கூடாது. இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். மாடுகளுக்குக் கண்டதையும் நக்கும் பழக்கம் உண்டு. பழைய ஈயப் பெயிண்டை நக்கி, உதிர்ந்த செதிலைத் தின்று மாடு கண் தெரியாமல் முட்டிக்கொண்டு, வலிப்பு வந்து செத்துப்போவது கால்நடை மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். கன்றுகளுக்கு இன்னும் கொஞ்சமே போதும். கோழியும் செதிலைத் தானியம் என்று கொத்தும், அது முட்டைக்கும் வரும்.

கட்டுத்தரை, தண்ணித்தொட்டி, தீவனப்போர், கிணற்றுமேடு இவற்றிலிருந்து தள்ளி, சிமெண்டுத் தரையில் பத்துக்குப் பத்தடி தார்ப்பாய் விரித்து அதன் மேல் வையுங்கள். ஓரங்களை மடித்துக் கல் வைத்துவிடுங்கள். அன்றன்று சாயங்காலம் செதிலை ஈரத்துணியோடு வழித்து, கனமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டுங்கள். எருக்குழியில் கொட்டினால் அது எருவோடு சேர்ந்து விளைநிலத்துக்குத்தான் திரும்பிப் போகும். எரித்தால் புகையில் வரும். உள்ளாட்சியில் அபாயக் கழிவைத் தனியாக வாங்கினால் அதில் கொடுங்கள்.

சொரண்டறதுக்கு எது நல்லதுங்க? தாளா, ரிமூவரா, ஹீட் கன்னா?

மூன்றுக்கும் இடம் உண்டு. எந்தப் பகுதியை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அகலமான பலகைக்குப் பெயிண்ட் ரிமூவர் வசதி. ஜெல் வகையாக வாங்குங்கள், நிமிர்ந்து நிற்கும் காலிலும் வழியாமல் நிற்கும். பழைய பிரஷ்ஷால் தடிமனாக, ஒரே திசையில் வைத்துவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் மேலே படியும் ஏடு உடைந்து, மருந்து ஆவியாகிப் போய்விடும். நம் ஊர் வெயிலில் ஐந்தே நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது என்பதுதான் எல்லாரும் சொல்லும் குறை. வைத்தவுடன் அதன் மேல் பாலிதீன் தாளைப் போர்த்துங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் பெயிண்ட் சுருண்டு எழும்பும். மர நார் ஓடும் வாக்கில் பட்டித் தகட்டால் தள்ளி எடுங்கள். தகட்டின் இரண்டு மூலையையும் அரத்தால் லேசாக மழுக்கிக்கொண்டால் மரத்தில் கீறல் விழாது. ஒரு தடவைக்கு மூன்று நான்கு பூச்சுதான் வரும், ஏழெட்டுப் பூச்சுக்கு இரண்டு மூன்று தடவை வைக்க வேண்டியிருக்கும். முடிந்ததும் டர்பன்டைன் நனைத்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். ரிமூவரில் உள்ள மெழுகின் பிசுக்கு மிச்சமிருந்தால் பிரைமர் காயவே காயாது. ரிமூவரில் பெரும்பாலும் மெத்திலீன் குளோரைடு இருக்கும். மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே சாய்த்துவிடும், என்95 மாஸ்க் அதைத் தடுக்காது. திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப்பக்கம் இருந்து வரும்படி நின்று, தடித்த ரப்பர் கையுறையோடு செய்யுங்கள்.

ஹீட் கன் வேகமானது. ஈயச் சந்தேகம் இல்லாத சாமானுக்கு மட்டும். 350 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே இருங்கள். பெயிண்ட் கொப்பளித்தவுடன் சுரண்டுங்கள். புகை வந்தால் சூடு அதிகம். ஒரே இடத்தில் நிறுத்தினால் மரம் கருகும், கருகிய மரத்தில் பிரைமர் பிடிக்காது.

கடைசல் கால், வளைந்த முதுகுக் கம்பு, பூ வேலைப்பாடு உள்ள இடங்களுக்கு ரிமூவரும் தேங்காய் நாரும்தான் சரி. நார்க்கற்றையைக் கயிறாக முறுக்கி, கடைசல் பள்ளத்தில் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தால் இளகின பெயிண்ட் அப்படியே வந்துவிடும். கம்பி பிரஷ் போட்டால் பள்ளத்தின் விளிம்பு தேய்ந்து வேலைப்பாடே மழுங்கிவிடும்.

உப்புத்தாளைக் கடைசிக்கு வையுங்கள். பெயிண்டை எடுக்க அதைப் பயன்படுத்தினால் தாள் அடைத்துக்கொள்ளும், கையும் ஓய்ந்துவிடும். எடுத்து முடித்த மரத்துக்கு 80, அடுத்து 120, முடிவாக 180. வெளியில் கிடக்கும் சாமானுக்கு அதற்கு மேல் மழமழப்பாக்கத் தேவையில்லை. பிரைமருக்குப் பிடிமானம் வேண்டும்.

காஸ்டிக் சோடா கரைச்சு ஊத்துனா சுளுவா வந்துருதே?

வரும். அதன் விலையைப் பிறகு கொடுக்க வேண்டியிருக்கும். காஸ்டிக் சோடா என்ற காரம் பெயிண்டில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கித்தான் அதை எடுக்கிறது. மர நாருக்குள் கொஞ்சம் தங்கிவிட்டால் நீங்கள் அடுத்து அடிக்கும் புது எனாமலையும் அடியிலிருந்து அதே போலச் சோப்பாக்கும். மூன்று நான்கு மாதத்தில் பிசுபிசுத்து உரிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். தேக்கு கறுத்துப்போகும், பொருத்துகளில் உள்ள பசையும் விடும். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் நன்றாகக் கழுவி, ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து தடவி, மறுபடி நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். கழுவ போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை பூத்து நிற்கும், அதன் மேல் பிரைமர் பிடிக்காது. சிறுவாணியோ காவிரியோ, குடிக்கும் தண்ணீரில் கழுவுங்கள்.

தோட்டத்துப் பெஞ்சுக்குக் கரையான் வராம கழிவு ஆயில் தடவியிருக்குது. அதுமேல பெயிண்டு நிக்குமுங்களா?

நிற்காது. டிராக்டரில் மாற்றிய ஆயிலை வண்டி, வேலிக்கால், பெஞ்ச் என்று தடவுவது பழைய வழக்கம். அது மரத்துக்குள் ஊறிப் பல வருஷம் இருக்கும். சலவைத்தூள் கரைசலில் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத்துணி. துணியில் கறை வருவது நிற்கும் வரைக்கும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, உறிஞ்சினால் அடிக்கலாம். ரொம்ப ஊறிப்போனதைப் பெயிண்ட் ஆசையை விட்டுவிட்டு எண்ணெய்ச் சாமானாகவே வைத்துக்கொள்வதுதான் நல்லது. பலகையை மட்டும் மாற்றிவிடலாம்.

காலு அடியில மக்கிப்போச்சு. என்ன பண்றது?

மரம் மேலே மழையில் நனைவதைவிட, காலின் வெட்டுமுனை வழியாகத்தான் அதிகம் தண்ணீர் குடிக்கிறது. நார்கள் வாய் திறந்து நிற்பது அங்கேதான். மண் தரையில் நிற்கும் பெஞ்சுக்கு முதலில் கால்தான் போகும், கரையானும் அந்த வழியாகத்தான் ஏறும்.

திருப்புளியால் குத்திப் பாருங்கள். ஒரு அங்குல ஆழம் வரை மெத்தென்று போனால், நல்ல மரம் வரும் வரை வெட்டிவிட்டு, ஆசாரியிடம் அதே ஜாதி மரத்தில் துண்டு ஒட்டு வைப்பதுதான் சரி. அரை அங்குலத்துக்குள் என்றால் மக்கியதைச் சுரண்டி எடுத்து, காய வைத்து, இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி பட்டியால் நிரப்பலாம். உளுத்து மாவு கொட்டும் இடத்துக்குப் பெயிண்ட் எடுத்த வெறும் மரத்தில், 100 கிராம் போரிக் அமிலமும் 150 கிராம் போராக்ஸும் 5 லிட்டர் வெந்நீரில் கரைத்து இரண்டு மூன்று முறை தாராளமாகத் தடவுங்கள். நான்கைந்து நாள் காயவிட்டு, பூத்த உப்பைத் துடைத்த பிறகு பிரைமர். இந்த மருந்து மழையில் கரைந்துபோகும், மேலே பெயிண்ட் அடைத்தால்தான் உள்ளே நிற்கும்.

வேலை முடிந்ததும் காலை நேராக மண்ணில் வைக்காதீர்கள். கிரானைட் பட்டறையில் கிடக்கும் துண்டு ஒன்றைக் காலுக்கு ஒன்றாகப் போட்டாலே ஆயுள் கூடும்.

சுவத்துக்கு வெக்கற பட்டிய மரத்துக்கு வெக்கலாமுங்களா?

வேண்டாம். அது வெள்ளை சிமெண்டால் ஆனது. மரம் அசையும், அது அசையாது, அடுத்த கோடையில் கட்டி கட்டியாக விழும். ஃபெவிகாலில் மரத்தூள் குழைத்து வைப்பதும் வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குத்தான் சரி. வெளிக்கு மரத்துக்கென்று விற்கும் பட்டியோ எபாக்ஸியோ. பொருத்துகளுக்குத் தண்ணீர் தாங்கும் பசை, மரைன் என்று போட்டிருக்கும். பிரைமர் ஒரு கோட் அடித்த பிறகு பட்டி வையுங்கள். வெறும் மரத்தில் வைத்தால் மரம் அதிலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு பட்டி பொரபொரத்துவிடும்.

எந்த மாசத்துல அடிச்சா நல்லதுங்க?

தை பாதியிலிருந்து பங்குனி முடிய. ஆனி, ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவை, பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் அடித்து வீசும். பெயிண்டின் மேல் மண்ணும் பஞ்சும் ஒட்டும், மேலேடு மட்டும் சீக்கிரம் காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் காயாது. நோம்பிக்கு வேண்டும் என்றால் மார்கழி முதல் வாரமே சுரண்டலை முடித்துவிடுங்கள். மார்கழியில் காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்குள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட வேண்டும், சாமானை ராத்திரிக்கு உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி இறங்கினால் பளபளப்பு செத்து வெள்ளை மங்கலடிக்கும்.

மரத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு சாண் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

கடையில தின்னர்னு கேட்டா ஒண்ணு குடுக்கறாங்க, டர்பன்டைன்னு கேட்டா வேற குடுக்கறாங்க. எது கலக்கறது?

இந்த ஒரு குழப்பத்தால் கெட்டுப்போகும் சாமான்கள் ஏராளம். வெறுமனே தின்னர் என்று கேட்டால் பெரும்பாலும் என்சி தின்னரைத்தான் கொடுப்பார்கள். அது ஸ்பிரேயில் அடிக்கும் லாக்கர் பாலிஷுக்கு உரியது, பழைய எனாமலை இளக்கிவிடும். அதைக் கலந்து அடித்தால் அரை மணி நேரத்தில் அடிப்பூச்சு பொங்கி, வேகவைத்த பால் ஏடு மாதிரி சுருக்கம் விழும். பிறகு முழுதாகச் சுரண்டுவதைத் தவிர வழியில்லை. எனாமலுக்கும் எண்ணெய் பிரைமருக்கும் மினரல் டர்பன்டைன் (சுருக்கமாக எம்டிஓ) என்று கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு 50 முதல் 100 மில்லி போதும்.

ஒரு பெஞ்சுக்கு எவ்வளவு வாங்கறது?

ஐந்தடி நீளம், ஒன்றேகால் அடி இருக்கை, அதே அளவு முதுகு, இரண்டு கைப்பிடி. பட்டைகளின் ஓரம், அடிப்பக்கம், கால் எல்லாம் சேர்த்தால் சுமார் 40 சதுரடி வரும். பழைய மரத்தில் லிட்டருக்கு ஒரு கோட் 80 முதல் 100 சதுரடி என்று கணக்குப் போடுங்கள். பிரைமர் அரை லிட்டர், எனாமல் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர், டர்பன்டைன் பிரஷ் கழுவவும் சேர்த்து அரை லிட்டர். உப்புத்தாள் 80, 120, 180 நம்பரில் மும்மூன்று, 320 இரண்டு. பட்டைக்கு இரண்டு அங்குல பிரஷ், இடுக்குக்கு ஒரு அங்குலம். ரிமூவர் வைப்பதாக இருந்தால் ஏழெட்டுப் பூச்சுக்கு இரண்டு லிட்டராவது ஆகும்.

அடிக்கற முறையச் சொல்லுங்க.

பெஞ்சைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். அடிப்பக்கம் அடிக்காமல் விட்டால் ஈரம் அங்கே ஏறி, மேலே வெயில் இழுக்கும்போது பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளும். மேலே மட்டும் அடித்த பெஞ்ச் சீக்கிரம் உரிவதன் ரகசியம் இதுதான்.

முதலில் கால் அடியின் வெட்டுமுனையும் பலகைகளின் முனையும். அங்கே பிரைமரை உறிஞ்ச உறிஞ்ச மூன்று முறை வையுங்கள். பிறகு முழுச் சாமானுக்கும் மெல்லிசாக ஒரு கோட். தேக்காக இருந்தால் பிரைமருக்கு அரை மணி நேரம் முன்பு தின்னரால் ஒருமுறை துடையுங்கள், அதன் இயற்கை எண்ணெய் பிடிமானத்தைக் கெடுக்கும். சில்வர் ஓக், வேம்பு, மா இவற்றில் கணு இருந்தால் கணுவின் மேல் மட்டும் அரக்குப் பாலிஷ் இரண்டு முறை. இல்லாவிட்டால் வெள்ளைப் பெயிண்டில் பழுப்புப் புள்ளி வந்துகொண்டே இருக்கும். ஆணி துருப்பிடித்திருந்தால் துருப்பிடிக்காத எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) திருகாணிக்கு மாற்றுங்கள். எடுக்க வராத ஆணியை உள்ளே இறக்கி, தலையில் ரெட் ஆக்சைடு, அதாவது இரும்புக்கு அடிக்கும் பிரைமர், ஒரு தொடு தொட்டுப் பட்டி வையுங்கள்.

பிரைமர் ஒரு நாள் காய வேண்டும். 180இல் லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் தூசி துடைத்து எனாமல். பிரஷ்ஷின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெயிண்டில் முக்காதீர்கள். ஒரு பட்டையை முனையிலிருந்து முனை வரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பாதியில் விட்டுத் திரும்பினால் இணைப்பு வடு தெரியும். இரண்டு மெல்லிய கோட் ஒரு தடித்த கோட்டைவிட எப்போதும் மேல். நடுவே 16 மணி நேரமாவது இடைவெளி, குளிர்நாளில் ஒரு முழு நாள், 320ஆல் ஒரு தடவல். தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் ஒரு வாரம் யாரையும் உட்காரவிடாதீர்கள்.

வெயிலில் அடிக்கவே வேண்டாம். பலகையில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடியாவிட்டால் அது பெயிண்ட் அடிக்கும் சூடு இல்லை. மேலேடு இறுகி உள்ளே டர்பன்டைன் சிக்கிக் கொப்புளமாகும்.

அடிச்சு ரெண்டு மாசமாச்சு, வெயில்ல உக்காந்தா வேட்டி ஒட்டுது. ஏனுங்க?

பெரும்பாலும் சுவருக்கு அடிக்கும் எமல்ஷனை மரத்துக்கு அடித்திருப்பீர்கள். அது சூட்டில் இளகும், மேலே பாரம் விழுந்தால் ஒட்டும். எனாமலாக இருந்து ஒட்டினால், தடிமனாக அடித்ததோ, ரிமூவர் மெழுகோ காரமோ அடியில் தங்கியதோ காரணம். நல்ல காற்றோட்டமான நிழலில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், அப்போதும் இறுகாவிட்டால் எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டியதுதான். தண்ணீரில் கரையும் எனாமல் இப்போது கிடைக்கிறது. அது மஞ்சளடிக்காது, மரத்தோடு நீண்டு கொடுக்கும், வெளிக்கு நல்லது. பழைய எண்ணெய் எனாமல் மேல் அதை அடிப்பதென்றால் 120இல் நன்றாகத் தேய்த்து, அதற்குரிய பிரைமர் வைத்தே ஆக வேண்டும்.

உள்ள தேக்குன்னு தெரிஞ்சுபோச்சு. பெயிண்ட எடுத்துட்டு பாலிஷ் போட்டுக்கலாமுங்களா?

நிழலான திண்ணை என்றால் தாராளமாக. வெட்டவெளிக்கு என்றால் யோசியுங்கள். மரத்தை வெயிலில் இருந்து காப்பது பெயிண்டில் உள்ள நிறமிதான். தெளிவான வார்னிஷில் அது இல்லாததால் ஒன்றிரண்டு வருஷத்தில் உரியும், ஒவ்வொரு முறையும் சுரண்டித்தான் திரும்ப அடிக்க வேண்டும். தேக்கின் நுண்துளைகளில் பழைய பச்சையும் நீலமும் புள்ளி புள்ளியாகத் தங்கியிருக்கும், அதையெல்லாம் ஊசியால் எடுக்க முடியாது. நல்ல மரம் என்பதற்காகப் பெயிண்ட் அடிப்பது பாவம் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தேக்கு முப்பது வருஷம் வாசலில் கிடந்தும் மக்காமல் இருக்கிறது என்றால் அந்த ஏழெட்டுப் பூச்சுக்கும் அதில் பங்குண்டு.

கயித்துக் கட்டில், ஊஞ்சல், வார்ப்பு இரும்புக் கால் போட்ட பெஞ்சு இதுக்கெல்லாம் தனியா ஏதாச்சும் உண்டுங்களா?

கட்டிலுக்குக் கயிற்றை அவிழ்த்த பிறகே தொடுங்கள், கயிறு உராயும் சட்டத்தின் உள்விளிம்பைச் சற்று உருட்டித் தேய்த்துவிட்டால் பெயிண்டும் கயிறும் அறுபடாது. ஊஞ்சலில் சங்கிலி நுழையும் ஓட்டைக்குள்ளே பிரைமர் போயிருக்க வேண்டும், பலகை பிளப்பது அங்கிருந்துதான். அடிக்கும் முன் கொண்டியின் தேய்மானத்தையும் பாருங்கள். இரும்புக் காலில் பட்டைகளைக் கழற்றித் தனியாக அடியுங்கள். இரும்புக்குக் கம்பி பிரஷ்ஷும் ரெட் ஆக்சைடும்.

இதெல்லாம் பண்ணுனா எத்தனை வருசம் வருமுங்க?

வெட்டவெளியில் நான்கைந்து வருஷம், தாழ்வாரத்தில் அதற்கு இரு மடங்கு எதிர்பார்க்கலாம். அடர் பச்சை, பிரவுன் போன்ற நிறங்கள் அதிகம் சூடாவதால் சற்றுக் குறையும். இரண்டாம் வருஷத்திலிருந்து விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். அது மேலேடு மட்டும் வெயிலில் பொடிவது, பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் சோப்புத் தண்ணீரில் கழுவி, 220இல் தேய்த்து, ஒரே ஒரு மெல்லிய கோட் போதும். ஒவ்வொரு நோம்பிக்கும் கட்டாயம் இல்லை. நோம்பிக்கு நோம்பி செய்ய வேண்டியது வேறு: பெஞ்சைக் கவிழ்த்து, கால் முனையில் பெயிண்ட் விட்டிருக்கிறதா என்று பார்த்து, விட்ட இடத்தில் மட்டும் பிரைமரும் பெயிண்டும் தொட்டுவிடுங்கள். எந்த வருஷம் எந்தப் பெயிண்ட் என்று அடிப்பலகையில் பென்சிலால் எழுதி, அதன் மேல் வார்னிஷ் ஒரு தடவல் தடவி வைத்தால் அடுத்து சுரண்டுகிறவர் ஈயம் இருக்குமோ என்று தவிக்க வேண்டியிருக்காது.